பயிலரங்கு வேண்டாம், படிவத்தைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக ஆட்சிமன்றக் குழு உறுப்பினர்களுக்கு,

ஒரே வாரத்தில் இரண்டு சுற்றறிக்கைகள் துறைகளுக்கு வந்தன. ஒவ்வொரு துறையும் இரண்டு பெண் ஆசிரியர்களை மூன்று நாள் 'தலைமைப் பண்புப் பயிலரங்கு'க்கு அனுப்பவேண்டும் என்றது முதலாவது. இரண்டாவது, டீன், இயக்குநர், ஒருங்கிணைப்பாளர் பதவிகளைக் கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்கும் ஆணை. அதில் இருந்த ஒரே பெண்ணுக்கு மகளிர் மையம் கிடைத்திருந்தது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுதுகிறோம். பெண்களிடம் தன்னம்பிக்கை போதவில்லை, பயிற்சி கொடுத்தால் மேலே வந்துவிடுவார்கள் என்பது முதல் சுற்றறிக்கையின் கணிப்பு. நோய் ஒரு பக்கம், மருந்து வேறு பக்கம். பொறியியல், அறிவியல் துறைகளில் பெண்கள் எங்கெங்கே தேங்கி நிற்கிறார்கள் என்று பைல்களை எடுத்துப் பார்த்தால், அந்த இடங்களில் பெரும்பாலானவை எழுத்தில் இருக்கின்றன: ஆண்டுகளை எண்ணும் விதத்தில், விண்ணப்பத்தில் இல்லாத ஒரு கட்டத்தில், கூடுதல் பொறுப்பைப் பங்கிடும் வழக்கத்தில், தேர்வுக் குழுவின் கோரத்தில், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கில். இவற்றில் முக்கால்வாசியைச் சரிசெய்யப் புதுச் சட்டம் வேண்டாம். உங்கள் ஒரு கூட்டத்தின் மினிட்ஸ் போதும்.

கணக்கிலிருந்து தொடங்குகிறோம்.

முனைவர் பட்டத்தோடு 30 வயதில் உதவிப் பேராசிரியராகச் சேரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, சி.ஏ.எஸ். எனப்படும் பணி முன்னேற்றத் திட்டத்தில் பதவி உயர்வின் முதல் படிக்கு 4 ஆண்டு, அடுத்த படிக்கு 5, அங்கிருந்து இணைப் பேராசிரியராக 3, பேராசிரியராக இன்னொரு 3. கூட்டினால் 15. ஒரு தடங்கலும் இல்லையென்றால் 45 வயதில் பேராசிரியர். துணைவேந்தர் பதவிக்குப் பேராசிரியராகக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அப்போது வயது 55. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. வேறு இடம் போகாமல் இங்கேயே பணியாற்றுபவர் 50 வயதுக்குள் பேராசிரியர் ஆகவில்லை என்றால், அந்தப் பதவிக்கான தகுதி அவருக்கு வரப்போவதே இல்லை. முழுப் பணிக்காலத்துக்கும் கையிருப்பு ஐந்தே ஆண்டுகள்.

அந்த ஐந்து ஆண்டுகள் எப்படிக் கரைகின்றன? நேர்காணலில் ஒருமுறை தேறாமல் போனால் மறு மதிப்பீடு ஓராண்டுக்குப் பிறகே. உயர்வும் முதலில் தகுதி பெற்ற நாளிலிருந்து கிடைக்காது. எம்.டெக். மட்டும் வைத்துக்கொண்டு சேர்ந்தவருக்கு முதல் படிக்கே 5 ஆண்டு. கௌரவ விரிவுரையாளராக உழைத்த ஆண்டுகளைக் காட்டலாமா என்றால், நிரந்தர ஆசிரியரின் மொத்த ஊதியத்துக்குக் குறையாமல் வாங்கியிருந்தால்தான் அந்த அனுபவம் கணக்கில் வரும் என்கிறது விதி. கௌரவ விரிவுரையாளர் யார் அப்படி வாங்குகிறார்? திருமணம், மாறுதல், குழந்தை என்று ஊர் மாறியதால் கௌரவ விரிவுரையாளராகவே பல ஆண்டு ஓட்டியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் நிர்வாகப் பிரிவால் ஒரே மதியத்தில் எண்ணிச் சொல்ல முடியும். எண்ணச் சொல்லுங்கள்.

இந்தப் பின்னணியில் பிள்ளைப்பேற்று விடுப்பைப் பார்க்கவேண்டும். 2021 ஜூலை முதல் தமிழ்நாடு அரசு அதை 12 மாதமாக்கியிருக்கிறது. நல்ல முடிவு. அந்த 12 மாதம் பதவி உயர்வுப் பைலில் என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

2018 ஒழுங்குமுறையின் முதல் அட்டவணையில் கற்பித்தலுக்குத் தரம் போடும் வழி தெளிவாக இருக்கிறது. ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று', 70 முதல் 80 வரை 'திருப்தி', 70க்குக் கீழே 'திருப்தியில்லை'. அதே அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பும் இருக்கிறது. பிள்ளைப்பேற்று விடுப்பு, குழந்தை வளர்ப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்பு, அயல்பணி ஆகிய காலங்களை மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டு, மீதிக் காலத்துக்கு வந்த தரத்தை முழுக் காலத்துக்கும் விரித்துக்கொள்ள வேண்டும். விடுப்பில் இருந்ததால் பதவி உயர்வில் ஒருவருக்கு எந்தப் பாதகமும் வரக்கூடாது. விதி இதை இவ்வளவு பச்சையாகவே சொல்கிறது.

இப்போது நம் படிவத்துக்கு வாருங்கள். மதிப்பீட்டுக் காலம் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 240 மணி நேரம் ஒதுக்கீடு என்று வையுங்கள். மொத்தம் 720. ஓராண்டு விடுப்பில் இருந்தவருக்கு மெய்யாக ஒதுக்கவேண்டியது 480. அதில் அவர் 432 எடுத்திருக்கிறார். 480க்கு 432 என்றால் 90 சதவீதம், 'நன்று'. 720க்கு 432 என்றால் 60 சதவீதம், 'திருப்தியில்லை'. ஒரே ஆள், ஒரே உழைப்பு. வகுக்கும் எண் மட்டும்தான் மாறியிருக்கிறது.

வகுக்கும் எண் தப்பாகப் போவதற்குக் காரணமும் சாதாரணமானது. விடுப்பில் போகும்போது கால அட்டவணை திருத்தப்படுவதில்லை. பாடம் அவர் பெயரிலேயே கிடக்க, வகுப்பைக் கௌரவ விரிவுரையாளர் எடுத்துவிட்டுப் போகிறார். மூன்று ஆண்டு கழித்துப் பிரிவு எழுத்தர் பழைய கால அட்டவணையைப் பார்த்து 720 என்று எழுதுகிறார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, படிவத்தில் 'நீக்கவேண்டிய விடுப்புக் காலம்' என்று ஒரு கட்டமே கிடையாது. விண்ணப்பித்தவர் அதைத் தனித்தாளில் எழுதி இணைத்தால், 'படிவத்தில் இல்லாத விவரம்' என்று சரிபார்ப்பில் ஓரங்கட்டுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், விடுப்புக்கு முன் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை. பிள்ளைப்பேற்று விடுப்புக்கு முன் அனுமதி வாங்கிவிடலாம். ஏழாம் மாதத்தில் மருத்துவர் திடீரென்று படுக்கையில் இருக்கச் சொன்னால் யார் முன்கூட்டி எழுதிக்கொடுப்பது? அந்த நாட்களுக்குப் பின்னேற்பு ஆணைதான், அதாவது பிறகு தரும் ஒப்புதல்தான், வரும். பின்னேற்பு முன் அனுமதி ஆகாது என்று ஒரு தணிக்கைக் குறிப்பு எழுதினால் போதும், மேலே சொன்ன பாதுகாப்பு அத்தனையும் அந்த நாட்களுக்கு இல்லாமல் போகும்.

இதுவரை சொன்னது விதி பாதுகாத்தும் நாம் கோட்டைவிடும் இடம். விதியே பாதுகாக்காத இடமும் ஒன்று உண்டு. அந்த அடிக்குறிப்பு அட்டவணையின் முதல் இரண்டு இனங்களுக்கு, அதாவது கற்பித்தலுக்கும் நிர்வாக, மாணவர் பணிகளுக்கும் மட்டும்தான். ஆய்வுக்கு இல்லை. பேராசிரியர் உயர்வுக்கு மொத்தம் 10 கட்டுரைகள், அவற்றில் 3 மதிப்பீட்டுக் காலத்துக்குள் வந்திருக்க வேண்டும், ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும், முனைவர் பட்ட மாணவரை வழிநடத்தியதற்குச் சான்றும் வேண்டும். மூன்று ஆண்டில் ஓராண்டு போனவருக்கும் அதே 3 கட்டுரைதான். இதை நீங்கள் மாற்ற முடியாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் மானியக் குழுவுக்கு ஒரு தீர்மானம் அனுப்ப முடியும். இதுவரை அனுப்பவில்லை.

ஆய்வு மதிப்பெண்ணின் உள்கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இழப்பு அங்கேதான் சத்தமில்லாமல் நடக்கிறது. அறிவியல், பொறியியல் கட்டுரை ஒன்றுக்கு அடிப்படை மதிப்பெண் 8. இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 5.6. மூன்று பேரும் அதற்கு மேலும் என்றால் முதல் ஆசிரியருக்கோ பொறுப்பாசிரியருக்கோ 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம், அதாவது 2.4. இதழின் தாக்க எண்ணுக்கான கூடுதல் மதிப்பெண் தனி. ஆக, ஒரு கட்டுரையில் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மதிப்பெண் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடும். பெயர் எங்கே வரும் என்பதை யார் முடிவு செய்வது? கருவி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர், இரவு யார் ஆய்வகத்தில் இருக்க முடிகிறதோ அவர்.

இரவு என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு ஒரு உலையைச் சான்றாகக் காட்டலாம். பீங்கான் மாதிரி ஒன்றை 1400 டிகிரியில் சுட்டெடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றினால் மேலேறவே நாலரை மணி நேரம் பிடிக்கும். அங்கே 6 மணி நேரம் நிறுத்தவேண்டும். சட்டென்று இறக்கினால் மாதிரி விரிசல் விடும், அதனால் அதே வேகத்தில் இறக்க இன்னொரு நாலரை. மொத்தம் 15 மணி நேரம். காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் நள்ளிரவு 12க்கு முடியும். உலையில் புரோகிராம் போட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்புள் அறுந்தால் கருவி தப்பான வெப்பத்தைக் காட்டும், மின்சாரம் போய் வந்தால் புரோகிராம் எங்கிருந்து தொடரும் என்பது கருவிக்குக் கருவி மாறும். அதனால்தான் உலை ஓடும்போது பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருக்கவேண்டும் என்று ஆய்வகப் பாதுகாப்பு விதி சொல்கிறது. சரியான விதி.

மகளிர் விடுதி இரவு 8 மணிக்குப் பூட்டுகிறது. ஆண்கள் விடுதிக்குப் பூட்டு நேரம் கிடையாது. ஆய்வு மாணவி என்ன செய்வார்? சனிக்கிழமை விடியற்காலை நேரம் கேட்டு வரிசையில் நிற்பார், அல்லது உடன் ஆய்வு செய்யும் மாணவரிடம் "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். 8 மணிக்குப் பிறகான வாசிப்புகள் அந்த மாணவரின் கையெழுத்தில் ஆய்வகக் குறிப்பேட்டில் ஏறும். அவர் கேட்காமலே கட்டுரையில் இடம் பிடிப்பார், அது நியாயமும்கூட. மாணவியின் 5.6 இப்படித்தான் 2.4 ஆகிறது. மாணவியின் பாதுகாப்புக்காகத்தானே பூட்டுகிறோம் என்பீர்கள். பாலியல் துன்புறுத்தல் தடுப்பு தொடர்பான மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறை, மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மகளிர் விடுதியில் விதிக்கக்கூடாது என்று தனியே சொல்லியிருக்கிறது. அந்த ஒழுங்குமுறையின்படி உள்ளகப் புகார்க் குழுவை அமைத்தோம், பலகை மாட்டினோம். இந்த வரியை மட்டும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சின்ன விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இயந்திரப் பட்டறைக்கும் வார்ப்புக்கூடத்துக்கும் வாங்கும் பாதுகாப்புக் காலணி டெண்டரில் அளவு 7இல்தான் தொடங்குகிறது. 4, 5, 6 கிடையாது. உருகிய உலோகத்தைக் கையாளும் இடத்தில் தொளதொளக்கும் காலணியும் கையுறையும் பாதுகாப்பு ஆகாது, அதுவே ஆபத்து. 'பட்டறைப் பக்கம் பெண்கள் வருவதில்லை' என்று துறை ஆய்வறிக்கையில் எழுதுவதற்கு முன்னால் கொள்முதல் பட்டியலைப் பார்க்கலாம்.

முனைவர் பட்ட வழிகாட்டல் பற்றியும் ஒன்று. பட்டம் பெற்ற மாணவர் ஒருவருக்கு வழிகாட்டிக்கு 10 மதிப்பெண். இணை வழிகாட்டி இருந்தால் இருவருக்கும் 70 சதவீதம், அதாவது ஆளுக்கு 7. வழிகாட்டி பிள்ளைப்பேற்று விடுப்பில் போனதும் 'மாணவர் நலன் கருதி' அவருடைய ஆய்வு மாணவர்களை வேறொருவருக்கு மாற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. இணை வழிகாட்டியை இடைக்காலத்துக்கு வைத்துவிட்டு முதன்மை வழிகாட்டியைத் தொடரச் செய்தால் மாணவருக்கும் நட்டமில்லை, அவருக்கும் 7 மிஞ்சும். மாற்றிவிட்டால் சுழியம். 10 மட்டும் போவதில்லை, 'வழிநடத்தியதற்குச் சான்று' என்ற கட்டாயத் தகுதியும் சேர்ந்தே போகிறது.

படிவம், படிவம் என்று சொல்லிக்கொண்டே போவதாக நினைக்கவேண்டாம். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1943இல் ஏ. லலிதா மின் பொறியியல் முடித்தபோது, சான்றிதழில் ஆண்பாலுக்குரிய ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பேனாவால் அடித்துப் பெண்பாலுக்குரிய சொல்லை எழுதிக் கொடுத்தார்கள். அதே கல்லூரியில் உடன் படித்த பி.கே. த்ரேசியா பின்னாளில் கேரளத்தின் பொதுப்பணித் துறைத் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். அச்சடித்தவர்கள் பெண்களை விலக்கவேண்டும் என்று திட்டமிட்டு அச்சடிக்கவில்லை. அவர்கள் நினைவில் பெண் என்ற ஆளே இல்லை, அவ்வளவுதான். நம்முடைய சி.ஏ.எஸ். படிவமும் அப்படி அச்சானதுதான். என்ன, 1943இல் திருத்துவதற்கு ஒருவர் பேனாவை எடுத்தார்.

அடுத்தது கூடுதல் பொறுப்பு. முறையான அறிவிப்பு இல்லாமல், விண்ணப்பம் இல்லாமல், ஒரு வரி ஆணையில் கொடுக்கப்படுவதுதான் பொறுப்புப் பதவி. ஆறு மாதத்துக்கு என்று தொடங்கி ஆண்டுக்கணக்கில் போகும். பிறகு அதே பதவிக்கு முறையான அறிவிப்பு வரும்போது, 'நிர்வாக அனுபவம் விரும்பத்தக்கது' என்று ஒரு வரி இருக்கும். அந்த அனுபவம் யாரிடம் இருக்கும்? ஏற்கெனவே பொறுப்பில் இருந்தவரிடம். துணைவேந்தர் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் தேடல் குழுவும் கல்வி மேன்மையோடு நிர்வாக ஆளுகையில் போதிய அனுபவத்தையும் எடைபோட வேண்டும் என்று 2018 ஒழுங்குமுறை சொல்கிறது. முதல் படியில் கிடைக்காதது கடைசிப் படியில் தகுதிக் குறைவாகக் கணக்கெழுதப்படுகிறது.

பெண்களுக்குப் பொறுப்பே தருவதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நிறையத் தருகிறீர்கள். மகளிர் மையம், மகளிர் விடுதித் துணைக் காப்பாளர், உள்ளகப் புகார்க் குழு, கலைவிழா, வரவேற்புக் குழு, விருந்தினருக்குச் சால்வை, மதிப்பீட்டுக் குழு வரும்போது நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒழுங்குசெய்யும் வேலை. உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013 சட்டம் சொல்வதால் அதில் உங்களுக்கு வேறு வழியும் இல்லை. அது எளிய பணி என்றும் யாரும் நினைக்கவேண்டாம். விசாரணையை 90 நாளில் முடிக்கவேண்டும், இரு தரப்பையும் கேட்டு, சாட்சியம் பதிந்து, நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய அறிக்கை எழுதவேண்டும். ஒரு பதிவாளர் செய்யும் ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்கு இது எந்த வகையில் குறைந்தது? ஆனால் நேர்காணலில் 'நிர்வாக அனுபவம்' என்ற தலைப்பில் இதை எழுதினால், "அது கமிட்டி வேலைதானே" என்று தாண்டிப்போகிறார்கள்.

கணக்கில் வரும் அனுபவம் வேறு வகை. கொள்முதல் குழு, கட்டடக் குழு, நிதிக் குழு, தேர்வு மையத் தலைமை, விடைத்தாள் திருத்தும் முகாம், இணைவுக் கல்லூரி ஆய்வுக் குழு. பணம் புழங்கும் பைலில் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் கைவரும், தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதத் தெரியும். பதிவாளர் பதவி நேர்காணலில் கேட்கப்படுவது அதுதான். கல்லூரி ஆய்வுக்குப் போனால் இரண்டு நாள் வெளியூர். அங்கே முதல்வர்கள், தாளாளர்கள், பிற பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பழக்கமாவார்கள். நாளைக்கு வெளி வல்லுநர் பட்டியலில் பெயர் சொல்லப்போவது அவர்கள்தான். "உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த அலைச்சல்?" என்ற கேள்வி கரிசனமாகத்தான் கேட்கப்படுகிறது. கேட்டவரே அந்தப் பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதிவிடுகிறார். போகவேண்டியவரின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் அவரே வரவில்லை என்று சொல்லிக்கொள்வார், அதை அவரிடம் விடுங்கள்.

கூட்ட நேரத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். நிகழ்ச்சி நிரல் காலையில் வருகிறது, கூட்டம் மாலை ஐந்தரைக்கு. ஏழு மணிக்குக் கலைந்த பிறகு கேண்டீனில்தான் மிச்ச முடிவு நடக்கிறது.

இனி தேர்வுக் குழு. உதவிப் பேராசிரியர் முதல் பேராசிரியர் வரை தேர்வுக் குழுவில், விண்ணப்பித்தவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் யாரேனும் இருந்தால், குழுவில் ஏற்கெனவே அந்தப் பிரிவினர் இல்லாதபோது, அப்பிரிவைச் சேர்ந்த கல்வியாளர் ஒருவரைத் துணைவேந்தர் நியமிக்கவேண்டும் என்கிறது ஒழுங்குமுறை. ஆறு பிரிவுகள், ஒரு நாற்காலி. தமிழ்நாட்டுத் தேர்வுக் குழு ஒன்றில் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் இல்லாமல் இருப்பது அபூர்வம். அவரைக் காட்டி 'விதி நிறைவேறிற்று' என்று குறிப்பெழுதிவிட்டால், பெண் இல்லாமலே குழு முழுமையாகிவிடும். ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும் என்பதே அந்த வரியின் நோக்கம் என்று வாதிடலாம். வாதிட வேண்டிய நிலையில் அந்தப் பெண் விண்ணப்பதாரர் இருக்கக்கூடாது என்பதே எங்கள் கவலை.

நியமித்தாலும் தீரவில்லை. குழுவின் கோரம் நான்கு பேர், அவர்களில் இருவர் வெளிப் பாட வல்லுநர்கள். பெண் உறுப்பினர் வரவேண்டும் என்று கோரத்தில் இல்லை. அவருக்கு முந்தின நாள் மாலை தகவல் சொன்னால் வரமாட்டார், கூட்டம் செல்லும். கோரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் உண்டு. அது இங்கே எவ்வளவு பொருந்துகிறது என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் கை நேரடியாக இருக்கிறது. பாட வல்லுநர் மூவரையும் துணைவேந்தர் தன் விருப்பத்துக்கு அழைக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் சட்டபூர்வ அமைப்பு ஒப்புதல் தந்த பெயர்ப் பட்டியலிலிருந்துதான் எடுக்கவேண்டும். அந்தப் பட்டியல் உங்கள் மேசைக்கு வருகிறது, பெரும்பாலும் 'இதர பொருள்கள்' வரிசையில், கூட்டம் முடியப்போகும் நேரத்தில். இயந்திரவியல், கட்டடவியல் பட்டியல்களை எடுத்து எத்தனை பெண் பெயர் என்று பாருங்கள். தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலங்களிலும் அந்தத் துறைகளில் பெண் பேராசிரியர்களே இல்லை என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை.

துணைவேந்தர் தேடல் குழுவை யார் அமைப்பது என்று 2025 ஜனவரியில் வந்த மானியக் குழுவின் வரைவு ஒழுங்குமுறை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஜனவரி 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றமே அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மாநில உரிமை பற்றிய அந்த வாதத்தில் எங்களுக்கும் உடன்பாடுதான். ஆளுநர் பிரதிநிதியா, அரசின் பிரதிநிதியா என்று இவ்வளவு பேசியபோதும், அந்த மூன்று நாற்காலிகளில் ஒன்றில் பெண் இருக்கவேண்டும் என்று பேச்சு எழவில்லையே என்பதுதான் வருத்தம். ஆட்சிமன்றக் குழுவின் பிரதிநிதிக்கும் தேடல் குழுவில் இடமுண்டு. அவர் யார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஓரளவு தெரியும். அம்பாசமுத்திரத்தில் பிறந்து தமிழ் வழியில் படித்த ந. கலைச்செல்வி 2022இல் நாட்டின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநர் ஆகவில்லையா? ப்ரீத்தி அகலாயம் 2023இல் சென்னை ஐ.ஐ.டி.யின் தான்சானியா நாட்டுச் சான்சிபார் வளாக இயக்குநர் ஆகவில்லையா? ஆனார்கள், எங்களுக்குப் பெருமைதான். சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கியது 1942இல், முதல் பெண் தலைமைக்கு 80 ஆண்டு. முதல் ஐ.ஐ.டி. கரக்பூரில் 1951இல், முதல் பெண் இயக்குநருக்கு 72 ஆண்டு. இந்த வேகத்தை முன்மாதிரி என்று காட்டாதீர்கள். மகளிருக்கென்றே கொடைக்கானலில் 1984 முதல் அன்னை தெரசா பல்கலைக்கழகம் இருக்கிறதே என்பது இன்னொரு பதில். அங்கே பதவி இருப்பதால் இங்கே வேண்டாம் என்று ஆகிவிடுமா? அரசுப் பணி நேரடி நியமனத்தில் 30 சதவீதம் 1989 முதல் இருக்கிறது என்பார்கள். அது வாசலில் தரும் இடம், மாடிப்படியில் அது பேசாது. தகுதியைத் தளர்த்தச் சொல்கிறோம் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். மேலே சொன்னவற்றில் ஒரு மதிப்பெண்ணைக்கூட நாங்கள் குறைக்கச் சொல்லவில்லை, 432ஐ 480ஆல் வகுக்கச் சொல்கிறோம்.

ஆகவே, அடுத்த ஆட்சிமன்றக் குழுக் கூட்டத்தின் முதன்மைப் பொருள்களில் கீழே உள்ளவற்றை எடுத்துக்கொண்டு தீர்மானமாக்க வேண்டும் என்று கேட்கிறோம். 'இதர பொருள்கள்' வரிசையில் வேண்டாம்.

சி.ஏ.எஸ். விண்ணப்பப் படிவத்தில் மதிப்பீட்டுக் காலம், அதில் நீக்கவேண்டிய விடுப்பு, விடுப்பு ஆணை எண், மீதிக் காலத்தில் ஒதுக்கிய மணி, எடுத்த மணி என்று ஐந்து கட்டங்களைச் சேருங்கள். விடுப்பு ஆணை வந்த ஒரு வாரத்துக்குள் துறைத் தலைவர் திருத்திய கால அட்டவணையை ஆணையாக வெளியிட வேண்டும். பேறுகாலத்தோடு தொடர்புள்ள மருத்துவ விடுப்புக்குத் தரும் பின்னேற்பை முன் அனுமதிக்குச் சமமாகக் கொள்ளலாம் என்று தெளிவுரை கொடுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் கற்பித்தல் சதவீதத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிய பெண் ஆசிரியர்களின் விண்ணப்பங்களை எடுத்து இதே கணக்கில் மறுபடி பாருங்கள். தவறு நம்முடையது என்றால் தேதியைத் திருத்திக் கொடுங்கள். ஆய்வுத் தகுதிகளுக்கும் அதே பாதுகாப்பை நீட்டிக்கும்படி மானியக் குழுவுக்குத் தீர்மானம் அனுப்புங்கள்.

வழிகாட்டி விடுப்பில் இருக்கும்போது இடைக்கால இணை வழிகாட்டி மட்டுமே, அவர் எழுத்தில் சம்மதிக்காமல் மாணவரை மாற்றக்கூடாது. ஆய்வு மாணவிகளுக்கு ஆய்வக நேரமும் விடுதி நேரமும் மாணவர்களுக்கு உள்ளபடியே இருக்கட்டும். இரவு 8 மணிக்கு மேல் ஆய்வகக் கட்டடங்களிலிருந்து மகளிர் விடுதி வரை விளக்கும், மணிக்கு ஒருமுறை வளாக வண்டியும் வேண்டும். காலணி டெண்டரில் அளவு 4 முதல் வாங்குங்கள்.

கூடுதல் பொறுப்பு எதுவும் ஆறு மாதத்துக்கு மேல் நீளக்கூடாது. நீளுமானால் வளாகத்துக்குள் அறிவிப்பு வெளியிட்டு விருப்பம் கேட்கவேண்டும். கொள்முதல், கட்டடம், நிதி, தேர்வு, கல்லூரி ஆய்வு ஆகிய ஐந்து குழுக்களிலும் குறைந்தது இரண்டு பெண்கள், சுழற்சி முறையில். ஒருவர் மட்டும் போதாது. ஒருவர் என்றால் அவர் விடுப்பெடுக்கும் நாளில் கூட்டம் வைக்கப்படும். உள்ளகப் புகார்க் குழுத் தலைமையையும் விடுதிக் காப்பாளர் பணியையும் நிர்வாக அனுபவமாகக் கணக்கிடுவோம் என்று பதவி அறிவிப்புகளிலேயே அச்சிடுங்கள்.

வல்லுநர் பெயர்ப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இல்லையென்றால் ஒப்புதல் தராமல் துறைக்குத் திருப்பி அனுப்புங்கள். பெண் விண்ணப்பதாரர் இருக்கும் தேர்வில் பெண் உறுப்பினர் வராவிட்டால் நேர்காணலைத் தள்ளிவைப்போம் என்று நடைமுறை விதி இயற்றுங்கள். மானியக் குழு சொல்லும் கோரம் குறைந்தபட்சம்தான், நாம் அதற்கு மேலே வைப்பதை அது தடுக்கவில்லை. அடுத்த தேடல் குழுவுக்கு ஆட்சிமன்றக் குழுவின் பிரதிநிதியாக ஒரு பெண் கல்வியாளரை அனுப்புங்கள்.

மூன்று நாள் பயிலரங்குக்கு நாங்கள் பெயர் கொடுக்கவில்லை. அதற்கு ஒதுக்கிய தொகையில் சி.ஏ.எஸ். விதிகள் பற்றி ஒரு நாள் பயிற்சி நடத்துங்கள்: துறைத் தலைவர்களுக்கும், விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் நிர்வாகப் பிரிவு எழுத்தர்களுக்கும், கண்காணிப்பாளர்களுக்கும். வகுப்பெடுக்க ஆள் தேவைப்பட்டால் நாங்கள் வருகிறோம். கூட்டம் முடிந்த பத்து நாளுக்குள், ஏற்றவை எவை, மறுத்தவை எவை, மறுத்தவற்றுக்கு என்ன காரணம் என்ற விவரத்தோடு மினிட்ஸின் நகலை எங்களுக்கு அனுப்பக் கோருகிறோம்.

இப்படிக்கு,
பொறியியல், அறிவியல் துறைகளின் பெண் ஆசிரியர்கள்